மலையிலும் வேண்டும் ஒரு கட்டி சவர்க்காரம்

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் எமது சகோதரிகளின் கைகளைப் பார்த்தாலே அன்றைய வேலை தெரியும். விரல் நுனியிலும் நகக்கண்ணிலும் கறுப்பாய்ப் படிந்த தேயிலைக் கறை. கூடைக் கயிறு அழுத்திய தலையில் வியர்வை. படங்கு கட்டிய இடுப்பில் ஈரமும் அரிப்பும். கவ்வாத்து வெட்டி, மருந்தடித்து வரும் சகோதரர்களின் நிலையும் இதுதான். இவர்களில் பலர் பீலியடியில் கையில் எடுப்பது துணி துவைக்கும் சவர்க்காரத்தை. விலை குறைவு என்பது ஒரு காரணம். 'காரம் கூடினால்தான் அழுக்குப் போகும்' என்ற நம்பிக்கை இன்னொன்று.

சம்பளத்தைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் சவர்க்காரத்தைப் பற்றியா என்று சிலர் கேட்கலாம். தோல் வெடித்த கையால் கொழுந்து எடுக்க முடியாது. கொழுந்து குறைந்தால் சம்பளமும் குறையும். ஆகவே இதுவும் தொழிற்சங்கத்தின் விடயமே.

துணிச் சவர்க்காரம் துணிக்காகச் செய்யப்பட்டது. அதில் சோடா போன்ற காரப் பொருட்கள் அதிகம். அழுக்கோடு சேர்த்துத் தோலைக் காக்கும் இயற்கையான எண்ணெயையும் அது எடுத்துவிடுகிறது. நாளுக்கு நாள் தோல் வரண்டு, வெடித்து, அந்த வெடிப்பில் கறையும் மருந்தும் இறங்குகின்றன. உடம்புக்குக் குளிக்கும் சவர்க்காரமே ஏற்றது.

அதிலும் எதை வாங்குவது? உறையில் வேப்பிலை, சந்தனம், கற்றாழைப் படம் இருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. வியர்வை தண்ணீரிலேயே கரைந்துவிடும். அக்குளில் நாற்றம் வருவது தோலில் உள்ள கிருமிகள் அந்த வியர்வையைச் சிதைப்பதால்தான். சாதாரண குளிக்கும் சவர்க்காரமும் போதிய தண்ணீரும் அதற்குப் போதும். 'கிருமி கொல்லும்' என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். ட்ரைக்ளோசான் உட்பட 19 இரசாயனங்களைக் கலந்த வீட்டுப் பாவனைச் சவர்க்காரங்களை விற்க 2016இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் தடை விதித்தது. அவை சாதாரண சவர்க்காரத்தையும் தண்ணீரையும் விட மேலானவை என்றோ, நீண்டகாலப் பாவனைக்குப் பாதுகாப்பானவை என்றோ உற்பத்தியாளர்கள் நிரூபிக்கவில்லை. நிறத்தை வெளுப்பாக்குவதாகச் சொல்லும் சவர்க்காரங்களிடம் இன்னும் கவனம் தேவை. அவ்வாறானவை சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது உலகில் பல இடங்களில் கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தேயிலைக் கறைக்கு எந்தச் சவர்க்காரமும் உடனடி மருந்தல்ல. கொழுந்தின் சாறு காற்றுப் பட்டுக் கறுத்துத் தோலின் மேற்படையில் பிடித்துக்கொள்கிறது. அது அழுக்கு அல்ல. தோல் உதிர உதிரத் தானாகப் போய்விடும். மணல் போட்டுத் தேய்ப்பதும், வெளுக்கும் தூள் பூசுவதும் தோலைத்தான் உரிக்கும். தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கொப்பளித்துக் கறுத்துவிடும். படுக்குமுன் கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தொழிற்சாலையில் இயந்திரக் கிறீஸ் ஒட்டிய கைக்கும் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுவது நல்லது. இடுப்பிலும் கால் இடுக்கிலும் வட்டமாகத் தடித்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது சவர்க்காரத்தால் மாறாது. ஈர உடுப்பை மாற்றி, உடம்பை நன்றாக உலர்த்தி, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் மருந்தடிப்பவர்களின் விடயம். மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். வெற்றிலை போடுமுன், சாப்பிடுமுன், பீடி பற்றவைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலை முடிந்ததும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்பே குளிக்க வேண்டும். உரசித் தேய்க்கக் கூடாது. சிராய்த்த தோல் மருந்தை இன்னும் கூடுதலாக உள்ளே இழுக்கும். அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

ஆனால் மலையில் எங்கே கழுவுவது? இங்குதான் எமது கேள்வி தொடங்குகிறது. தொழிற்சாலையில் வேலை செய்வோருக்குக் கழுவும் வசதி இருக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. அந்தத் தொழிற்சாலைக்குக் கொழுந்து அனுப்பும் மலையில் ஒரு தண்ணீர்க் குழாயைக் காண்பதே அரிது. கறை பிடித்த கையோடு எமது பெண்கள் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். அதே கையோடு பிள்ளை மடுவத்துக்கு ஓடிப் பால் கொடுக்கிறார்கள். மாலையில் ஒரே பீலியில் வரிசையில் நின்று, இருட்டிய பிறகு, உடுத்த துணியோடு அவசரமாகக் குளிக்கிறார்கள். இது சோம்பலும் அல்ல, அறியாமையும் அல்ல. வசதி இல்லாத குறை.

ஆகவே தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு கொழுந்து மடுவத்திலும் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு கட்டி சவர்க்காரமும். மருந்தடிப்பவர்களுக்கு வேலை முடியுமுன் குளிக்க நேரமும், மறைவான இடமும், சவர்க்காரமும். பெண்களுக்குக் கதவுள்ள குளியலறை. வேலையால் வரும் அழுக்கைப் போக்கும் செலவு வேலை தருபவருடையது; அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் இருந்து எடுக்கக் கூடாது.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மார் இதை முதல் விடயமாக எடுக்க வேண்டும். எந்தெந்த மலையில் தண்ணீர் இல்லை, யார் யாருக்குத் தோல் வெடித்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு துரையிடம் போக வேண்டும். அங்கத்தவர்களும் ஒன்று செய்யலாம். இந்த மாதக் கடைச் சாமானில் துணிச் சவர்க்காரம் துணிக்கென்றும், குளிக்கும் சவர்க்காரம் உடம்புக்கென்றும் தனித்தனியே வாங்குங்கள்.

எமது கைகளின் கறையில் இருந்துதான் இந்த நாட்டுக்கு வெளிநாட்டுக் காசு வருகிறது. அந்தக் கைகளைக் கழுவத் தண்ணீர் தராமல் நிர்வாகம் கை கழுவிவிட முடியாது.