கூடாமலே கலைந்த மன்றம்



தேர்தல் முடிந்ததும், மக்கள் தீர்ப்பு வழங்கிவிட்டனர் என்கிறோம். வழங்கப்பட்ட தீர்ப்பு ஒரு நாளேனும் செயற்படாமற் போவதும் உண்டோ? உண்டு என்பதற்கு நம் அண்டை மாநிலமான கேரளத்தின் 1965-ஆம் ஆண்டு வரலாறு சான்று பகர்கின்றது.

1964 செப்டம்பரில் ஆர். சங்கர் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்ந்தது. வீழ்த்தியவருள் சொந்தக் கட்சியினரே 15 பேர். அவர்கள் கே. எம். ஜார்ஜ் தலைமையில் கேரள காங்கிரசைத் தோற்றுவித்தனர். மத்திய திருவிதாங்கூரின் கிறிஸ்தவ விவசாயிகளும் நாயர் சமூகத்தாருள் ஒரு சாராரும் அதற்குத் துணைநின்றனர். கம்யூனிஸ்டுக் கட்சியும் அதே ஆண்டில் இரண்டாகப் பிளந்தது.

இந்நிலையில் 1965 மார்ச்சு 4-இல் தேர்தல் நடைபெற்றது. மொத்தம் 133 இடங்கள். மார்க்சிஸ்டுகள் 40, காங்கிரஸ் 36, கேரள காங்கிரஸ் 23, சம்யுக்த சோஷலிஸ்டுகள் 13, முஸ்லிம் லீக் 6, வலது கம்யூனிஸ்டுகள் 3, சுயேச்சைகள் 12. ஆட்சி அமைக்க 67 பேர் தேவை. மார்க்சிஸ்டு வெற்றியாளருள் பலரோ பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறையில் இருந்தனர். ஒரே வீட்டிலிருந்து பிரிந்த இரு காங்கிரசாரும் மீண்டும் ஒன்றுசேர மனங்கொள்ளவில்லை. எவருக்கும் பெரும்பான்மை இல்லையெனக் கூறி, மார்ச்சு 24-இல் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. அது ஒரு முறையேனும் கூடவில்லை. அதன்பின் ஏறத்தாழ ஈராண்டுகள் குடியரசுத் தலைவர் ஆட்சியே நீடித்தது.

1967-இல் ஏழு கட்சிகள் கைகோத்துத் தேர்தலில் நின்றன. மார்க்சிஸ்டுகள் மட்டுமே 52 இடங்களைப் பெற்றனர். காங்கிரசோ 9 இடங்களுக்குச் சுருங்கியது. இத்தனைக்கும் காங்கிரஸ் பெற்ற வாக்குகள் குறையவில்லை. 1965-இல் நூற்றுக்கு 33 அளவில் இருந்தவை, 1967-இல் 35 அளவுக்கு உயரவே செய்தன. மக்கள் மனம் பெரிதும் மாறிவிடவில்லை; எதிர்நின்றோர் கூடியதே மாறுதல். எனினும் பதவிக்கு வருமுன் கூடியவர்கள் பதவிக்கு வந்தபின் பூசலிட்டனர். இ. எம். எஸ். நம்பூதிரிபாடின் அந்த அமைச்சரவை 1969-இல் சரிந்தது. இடங்களுக்காக மட்டும் சேர்வது ஒற்றுமையாகாது என்பது இதனால் விளங்கும்.

கூடாத மன்றம் கேரளத்தோடு நின்றுவிடவில்லை. 2005 பிப்ரவரியில் பீகாரில் தேர்ந்தெடுக்கப்பட்ட 243 பேர் கொண்ட சட்டமன்றமும் மே மாதத்தில் கூடாமலே கலைக்கப்பட்டது. அது அரசியலமைப்புக்கு முரணானது என 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அதற்குள் மறுதேர்தலுக்கான பணிகள் தொடங்கிவிட்டமையால், கலைந்த மன்றம் உயிர்பெறவில்லை. நீதி கிடைத்தது, போன வாக்கு திரும்பவில்லை.

கூலி வேலையை விட்டு, கைக்குழந்தையோடு வரிசையில் நின்று வாக்களித்த ஏழைத் தாயை எண்ணிப் பார்ப்போம். மன்றம் ஒரு நாளேனும் கூடியிருந்தால், ‘எம் ஊருக்குக் குடிநீர் எங்கே?’ என்று அவள் சார்பில் ஒருவர் எழுந்து கேட்டிருக்கலாம். கேட்கும் அந்த உரிமைதான் பறிபோயிற்று.

ஆதலால், வாக்குக் கேட்டு வருவோரிடம், ‘எவரை எதிர்க்கிறீர்?’ என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. ‘எங்கள் நலனுக்காக எவரோடு அமர்ந்து பேச ஆயத்தமாயிருக்கிறீர்?’ என்றும் கேட்போம். மன்றம் என்பது கட்டடமன்று. மாற்றுக் கருத்தினர் ஒருங்கே அமர்ந்து பேசும் மனமே மன்றமாகும்.