பின்பால்: சூதோ, கைத்திறனோ?

அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரையடுத்து 1985-ஆம் ஆண்டு முதலாகப் பின்பால் ஆர்வலர் மாநாடு கூடி வந்துள்ளது. ஒரு விளையாட்டுப் பொறிக்கு மாநாடும் வேண்டுமோ என நகைப்பார் நம்முள்ளும் உளர். யாம் அவர் கட்சியினர் அல்லேம்.

பின்பால் என்பது கண்ணாடி மூடிய சாய்பலகையில் ஆடப்படுவது. சுருள்வில் பொருந்திய தண்டினை இழுத்து விடுத்தால், எஃகுக் குண்டு மேலேறிப் பின் முளைகளில் மோதி இறங்கும். இவ்வில்தண்டிற்குச் சின்சினாட்டி நகரத்து மாண்டேக் ரெட்கிரேவ் 1871-இல் உரிமை பெற்றார். குண்டை விடுத்தபின் ஆடுவோன் செய்யத்தக்கது பொறியைச் சிறிது அசைத்தலன்றிப் பிறிதில்லை. 1930-களிற் சில பொறிகள் வென்றார்க்குக் காசையே உமிழ்ந்தன. ஆதலின் நியூயார்க்கு நகரத் தலைவர் லா கார்டியா 1942-இல் இதனைச் சூதெனத் தடுத்து, பொறிகளைக் கைப்பற்றி உடைப்பித்தமை முற்றும் பிழையென யாம் கூறோம். அந்நாளைப் பொறிக்கு அத்தீர்ப்பு ஒருவாறு பொருந்தும்.

எம் குறை அதற்குப் பிற்பட்ட செய்தி பற்றியது. 1947-இல் காட்லீப் நிறுவனத்தார்க்காக ஹாரி மேப்ஸ் என்பவர், ‘ஹம்டி டம்டி’ என்னும் பொறியில் ஆறு சிறு துடுப்புகளை அமைத்தார். பொத்தானை அழுத்தின் துடுப்பு எழுந்து, வீழும் குண்டை மீண்டும் மேலே அடிக்கும். அடுத்த ஆண்டே ஸ்டீவ் கோர்டெக் இரண்டே துடுப்புகளை அடிப்புறத்தில் வைத்து ஆட்டத்திற்கு இன்றுள்ள வடிவை அளித்தார். அன்று முதல் கண்ணும் விரலும் காலமறிந்து ஒருங்கியங்கினாலன்றிக் குண்டு நில்லாது. பொறி மாறிற்று, சட்டமோ மேலும் இருபத்தொன்பது ஆண்டுகள் மாறிற்றில்லை. இப்பொறிகள் பெரும்பாலும் செய்யப்பட்ட சிக்காகோவிலேயே பல்லாண்டுகள் அவற்றை ஆடத் தடை இருந்தது என்பதனை என்னென்பது!

1976-இல் நியூயார்க்கு நகர மன்றத்தார் முன் ரோஜர் ஷார்ப் என்னும் எழுத்தாளர் ஆடிக் காட்டினார். இரு பொறிகள் வைக்கப்பட்டிருந்தன. முதற்பொறியில் ஏதேனும் சூழ்ச்சி உண்டோவென ஐயுற்ற உறுப்பினர் ஒருவர் மற்றதில் ஆடச் சொன்னார். ஷார்ப், குண்டு நடுவழியே செல்லுமெனச் சொல்லித் தண்டினை இழுத்து விடுத்தார், அவ்வாறே சென்றது. தடையும் நீங்கிற்று. அவ்வடியில் நற்பேறும் கலந்திருந்ததென அவரே பின்னர் ஒப்பினார். எம் கருத்தில் வழக்கை வெல்லத் தக்கவை துடுப்புகளே. அவற்றைக் காணும் கண் மன்றத்தார்க்கு முன்னரே இருந்திருத்தல் வேண்டும்.

பொழுதைக் கொல்லும் விளையாட்டென்பார்க்கு விடை எளிது: சதுரங்கமும் பொழுதைக் கொல்வதே.

இம்மாநாட்டை யாம் மதிப்பது இக்காரணம் பற்றியே. பழம்பொறிகள் ஆங்குக் காட்சிப்பொருளாய் உறங்குவதில்லை. கம்பிச்சுருள் மாற்றி, ரப்பர் வளையம் புதுக்கி, ஆடுவதற்கென்றே நிறுத்தப்படுகின்றன. முதல்நாள் மாலையிலேயே ஒருவன் துடுப்பில்லாப் பழம்பொறியில் சிறிது ஆடி, பின் துடுப்புடைய பொறிக்குச் செல்வானாயின், எவ்வழக்கறிஞர் வாதத்தினும் தெளிவாக வேற்றுமையைத் தன் விரலாலேயே அறிவான். நுழைவுக் கட்டணம் ஒருமுறை; பின்னர்ப் பொறிகளிற் காசிட வேண்டுவதில்லை. இடுகாசும் வருகாசும் இல்லாவிடத்தும் இரவு நெடும்பொழுது மக்கள் அவற்றின் முன் நிற்பரேல், அவரைச் சூதரென்றல் எங்ஙனம் பொருந்தும்?