மதம் வேண்டாமாம், ஆன்மீகம் போதுமாம்!

"எனக்கு மதத்துல நம்பிக்கை இல்ல, ஆனா ஆன்மீகம் உண்டு" என்று சொல்லிக்கொள்வது படித்தவர்கள் மத்தியில் ஒரு ஃபேஷன். கோவில்பட்டியிலும் அப்படித்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மதத்தில் எதையெல்லாம் விட்டார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும்.

செண்பகவல்லி அம்மன் கோவிலுக்குப் போவதை விட்டிருப்பார்கள். விரதம் இல்லை, விபூதி இல்லை. காலையில் தியானம், மூச்சுப்பயிற்சி. ஆனால் பங்குனி உத்திரம் வந்தால் சாஸ்தா கோவிலுக்குக் குடும்பத்தோடு வேன் ஏறுவார்கள். கேட்டால், "அது குலதெய்வம், மதம் இல்லை" என்பார்கள். வரன் பார்க்கும்போது ஜாதகம் வரும். ஜாதகத்துக்கு முன்னாடியே சாதி வந்திருக்கும். ஆக, விட்டது சிரமத்தை மட்டும்தான். சௌகரியம் ஒன்றும் குறையவில்லை.

இந்தக் கரிசல் பூமியில் மதம் வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக என்றைக்குமே இருந்ததில்லை. கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது கழுகுமலை. அன்றைக்கு அது எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. அங்கே தேரோடும் வீதிகளில் நாடார்கள் ஊர்வலம் போகக் கூடாது என்று தடுத்தார்கள். பலர் கத்தோலிக்கராக மாறினார்கள். 1895இல் பங்குனித் தேரோட்டத்தின்போது கலவரம் வெடித்து உயிர்கள் போயின. அவர்களுக்கு மதம் என்பது எந்தத் தெருவில் நடக்கலாம் என்கிற கேள்வி. தெரு ஏற்கெனவே தன்னுடையதாக இருப்பவருக்குத்தான் "மதமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை" என்று சொல்வது சுலபம்.

அப்படியானால் மதம் தாண்டிய ஆன்மீகமே பொய்யா? இல்லை. வள்ளலார் இருக்கிறாரே! சாதி வேண்டாம், மதம் வேண்டாம் என்றவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. கழுகுமலைக் கலவரத்துக்கு 28 வருஷம் முன்பே, 1867இல், வடலூரில் தருமசாலை திறந்தார். பசியோடு வந்தவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் சோறு போட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அவர் மதத்தை விட்டதால் நாலு பேர் வயிறு நிறைந்தது. இவர்கள் விட்டதால் யாருக்கு என்ன கிடைத்தது? இவர்களுக்கு நிம்மதியான தூக்கம், அவ்வளவுதான்.

மதம் இல்லை என்பவர்கள், அடுத்த முறை வீட்டில் வரன் பார்க்கும்போது சாதிப் பேச்சே எடுக்காமல் இருந்து காட்டட்டும். தியானத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.