இரண்டு அட்டைகளும் ஒரு சராசரியும்

கணினி விளையாட்டில் ஆர்வம் கொண்டோரிடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு கனவு உலவியது. ஒரே கணினிக்குள் இரண்டு வரைகலை அட்டைகளைப் பொருத்தி ஒன்றாக உழைக்கச் செய்வதே அது. இன்று அக்கனவு கலைந்துவிட்டது. அதற்காக வருந்துவோர் உண்டு. எனக்கு வருத்தமில்லை. ஆனால் அது விட்டுச்சென்ற பாடத்தை மறந்துவிடலாகாது என்று எண்ணுகிறேன்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1998இல் வெளிவந்த த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 அட்டைகள் இரண்டை இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரைந்தன. இரண்டும் உழைத்தது ஒரே படத்துக்காக. தனியே 800க்கு 600 புள்ளிகள் வரை காட்டிய அட்டை, துணையோடு 1024க்கு 768 காட்டியது. அம்முறைக்கு எஸ்.எல்.ஐ. என்று பெயர்.

பின்னர் அந்நிறுவனத்தின் உடைமைகளை வாங்கிய என்விடியா, 2004இல் அதே பெயரை வேறு விரிவாக்கத்துடன் மீட்டெடுத்தது. 2005இல் ஏ.டி.ஐ. நிறுவனம் கிராஸ்ஃபயர் என்ற பெயரில் போட்டிக்கு வந்தது. ஆனால் இம்முறை பெரும்பாலும் வேலை வேறுவிதமாகப் பங்கிடப்பட்டது. அசையும் காட்சியின் ஒவ்வொரு தனிப்படத்தையும் சட்டகம் என்போம். முதல் சட்டகத்தை ஓர் அட்டை வரையும். அடுத்ததை மற்றொன்று வரையும். விளம்பரத்துக்கு இது மிகவும் உகந்த முறை. ஏனெனில் நொடிக்கு எத்தனை சட்டகங்கள் என்ற எண் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும்.

சிக்கல் அந்த எண்ணிலேயே இருந்தது. நொடிக்கு 60 சட்டகங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லிநொடி இடைவெளி இருக்கவேண்டும். இரண்டு அட்டைகளும் அடுத்தடுத்து வேலையைத் தொடங்கினால், இரண்டு சட்டகங்கள் 3 மில்லிநொடி இடைவெளியில் வந்துவிழும். அடுத்ததற்கு 30 மில்லிநொடி காத்திருக்கவேண்டும். சராசரி அப்போதும் 60தான். கண்ணுக்குத் தெரிவதோ ஏறத்தாழ 30. தாளம் அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நிமிடத்தில் விழும் அடிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் பாட்டு தடுமாறக்கூடும்.

விளையாடியவர்கள் இத்தடுமாற்றத்தை உணர்ந்தார்கள். ஆயினும் மதிப்புரைகள் நெடுங்காலம் சராசரியையே அச்சிட்டுவந்தன. 2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன், ஒவ்வொரு சட்டகமும் எடுத்துக்கொண்ட நேரத்தைத் தனித்தனியே அளந்து வரைபடமாக வெளியிடத் தொடங்கினார். அதன் பிறகே நிறுவனங்கள் சட்டகங்களின் சீரைப் பற்றிப் பேசவேண்டியதாயிற்று. 2013இல் ஏ.எம்.டி. அதற்கான திருத்தத்தை வெளியிட்டது. அதற்குள் எத்தனையோ பேர் இரண்டு அட்டைகளுக்கான பணத்தைக் கொடுத்து முடித்திருந்தார்கள்.

இன்னொரு தடை வரைமுறையிலேயே எழுந்தது. விளிம்புகளை மென்மையாக்குவதற்கு, புதிய விளையாட்டுகள் முந்தைய சட்டகத்தின் விவரங்களைப் பயன்படுத்தத் தொடங்கின. முந்தையதோ மற்ற அட்டையில் இருக்கிறது. அது வந்துசேரும்வரை இது காத்திருக்கவேண்டும். 2020இல் வந்த 30 வரிசையில் ஆர்.டி.எக்ஸ். 3090 போன்ற உச்சநிலை அட்டைகளில் மட்டுமே இணைப்புக்கு இடமிருந்தது. 2022இல் வந்த 40 வரிசையில் அதுவும் இல்லை.

இன்று ஓர் அட்டை, விலை இறங்கிய பின் இன்னொன்று என்று சிறுகச் சிறுக மேம்படுத்தும் வழி அடைபட்டுவிட்டதே என்பார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் 2 ஜி.பி. நினைவகம் கொண்ட இரண்டு அட்டைகள் விளையாட்டுக்கு 4 ஜி.பி. தரவில்லை. இரண்டிலும் ஒரே தரவுகளின் நகல்களே இருந்தன. சேமிப்பு என்று எண்ணியது பெரும்பாலும் மின்சாரமாகவும் வெப்பமாகவும் கரைந்தது.

பல அட்டைகளைச் சேர்ப்பதே வீண் என்று சொல்லவரவில்லை. அசைவூட்டப் படத்தின் ஒரு சட்டகத்துக்கு மணிக்கணக்கில் ஆனாலும் பாதகமில்லை. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிக்க ஆயிரக்கணக்கில் கோக்கிறார்கள். அங்கெல்லாம் மொத்த வேலை எப்போது முடியும் என்பதே கேள்வி. விளையாட்டில் மட்டும் ஒருவர் பொத்தானில் விரலை வைத்து அடுத்த கணத்துக்காகக் காத்திருக்கிறார்.

இதைப் பழங்கதையாக ஒதுக்கவும் இயலாது. 2022இல் டி.எல்.எஸ்.எஸ். 3 வந்ததிலிருந்து, உண்மையில் வரையப்பட்ட சட்டகங்களுக்கு இடையே கணித்து உருவாக்கிய சட்டகங்களைச் செருகும் முறை பரவியிருக்கிறது. காட்சி வழவழப்பாகிறது; எண் மீண்டும் உயர்கிறது. ஆனால் பொத்தானை அழுத்தியதற்கும் திரை பதிலளிப்பதற்கும் இடைப்பட்ட நேரம் அதனால் குறைவதில்லை. ஆகவே நண்பர்களே, அடுத்த அட்டையின் பெட்டிமேல் பெரிய எண் ஒன்றைக் கண்டால், அது எதை எண்ணியது என்று கேளுங்கள். பணப்பையைத் திறப்பது அதன் பிறகு இருக்கட்டும்.