மின்கலம் கெட்டால் முறையிடுக!

மின் மகிழுந்தின் விலையில் பெரும்பங்கு அதன் மின்கலத்தின் விலையே. அது பழுதுபட்டால் எஞ்சுவது நான்கு உருளை பூட்டிய இரும்புக் கூடு. அக்கலம் மீண்டும் மீண்டும் கெடுகையிலும், 'மென்பொருளைத் திருத்திவிட்டோம், ஓட்டிச் செல்க' என விற்றவன் கூறும் விடையை ஏற்று வாங்கியவன் வாய்மூடித் திரும்புவது பொறுமையன்று, ஏமாளித்தனம்.

தென்கொரியர் அவ்வாறு திரும்பினாரல்லர். அந்நாட்டு உண்டாய் நிறுவனத்தின் 'கோனா' மின் மகிழுந்துகள் அடுத்தடுத்துத் தீப்பற்றின. 2020 அக்தோபரில் நிறுவனம் அவற்றைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்தியது. 'இத்திருத்தம் போதாது; விலை வீழ்ந்தமைக்கு ஈடு எங்கே?' என உரிமையாளர் பலர் மறுமாதமே ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர். 2021 சனவரியில், திருத்தம் பெற்ற வண்டியொன்றே தேகு நகரில் எரிந்தது! அடுத்த மாதம், கோனா முதலாய ஏறத்தாழ 82,000 வண்டிகளின் மின்கலங்களை மாற்றித்தர நிறுவனம் முன்வந்தது. அமெரிக்காவிலும் 'போல்ட்டு' மகிழுந்தின் உரிமையாளர் கூட்டாக வழக்காடினர். 2024-இல் 15 கோடி தாலர் ஈட்டுத்தொகைக்கு உடன்பாடு ஏற்பட்டது.

அதே கோனா திருப்பெரும்புதூரில் இணைக்கப்பெற்று இங்கும் விற்கப்பட்டது. 2020 திசம்பரில் இந்தியாவில் 456 வண்டிகள் திரும்ப அழைக்கப்பெற்றன. 2022 மார்ச்சில் வேலூரில் மின் ஈருருளி தீப்பற்றித் தந்தையும் மகளும் புகையில் மாண்ட துயரை யார் மறப்பர்? ஆகலின் இது கடல்கடந்த செய்தியன்று.

சங்கரன்கோவிலில் தறி ஓட்டிச் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி ஒருவர் மின் மகிழுந்து வாங்கினார் எனக் கொள்க. கலம் கெட்டால் அவர் சென்னைக்கும் தில்லிக்கும் அலைய வேண்டுவதில்லை. 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வாழுமிடத்து மாவட்ட ஆணையத்திலேயே முறையிட இடந்தருகிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வுரிமை இல்லை. கொடுத்த விலை 5 இலக்கத்துக்கு உட்பட்டதாயின் கட்டணமே இல்லை. 10 முதல் 20 இலக்கம் வரை 400 உருபாவே. பழுது கண்ணுக்குப் புலப்படாததெனின் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அத்தகைய முறையீட்டை 5 மாதத்துள் முடிக்க முயல வேண்டுமென்பது சட்டம். (முடிக்கின்றனரா என்பது வேறு கேள்வி!) ஒரே குறையால் தாக்குண்ட பலர் ஆணையத்தின் இசைவு பெற்று ஒரே முறையீடாகவும் தரலாம். நிறுவனம் அஞ்சுவது இதற்கே.

இரண்டு எச்சரிக்கைகள். குறை எழுந்த 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். 'அடுத்த மாதம் வாருங்கள்' என முகவர் இழுத்தடிப்பதில் அந்நாள் கரைந்து போகும். மற்றொன்று, வணிக ஆதாயத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகார்; தம் பிழைப்புக்காகத் தாமே ஓட்டி உழைப்பவர்க்கு மட்டும் விலக்குண்டு.

ஆயின் வழக்கு பெரும்பாலும் தோற்குமிடம் மன்றமன்று, விற்பனைக் கூடம். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் எனப் பெரிய எழுத்தில் உறுதி கூறுவர். எந்தெந்த நிலையில் அவ்வுறுதி செல்லாது என்பதைப் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் அடைத்து வைப்பர். தமிழ் மண்ணில், தமிழன் பணத்தில், தமிழனுக்கு விளங்காத தாளில் தமிழன் கையொப்பம்! கொரியன் தன் மொழியில் படித்தான், எங்கே ஏய்க்கப்பட்டான் என்று அறிந்தான், வழக்குரைத்தான். சங்கரன்கோவில் நெசவாளிக்கு அந்த வாய்ப்பை மறுப்பது யார்? உறுதிச்சீட்டைத் தமிழில் தராத எவ்வண்டியையும் தமிழ்நாட்டில் விற்கலாகாது எனத் தமிழக அரசு ஆணையிட வேண்டும். அவ்வாணை வரும்வரை, முன்பணம் கட்டுமுன் உறுதிச்சீட்டைத் தமிழில் எழுதித் தருமாறு ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். வண்டியைப் பழுதுநீக்க விடும்போதெல்லாம் நாளும் குறையும் குறித்த சீட்டைக் கையோடு பெற வேண்டும்.