ஒலிக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்

நாதசுரக் கச்சேரியில் தவில் ஓங்கி ஒலிக்கிறது என்பதற்காகக் கச்சேரியையே நிறுத்தச் சொல்வோர் உண்டோ? தவில்காரரைச் சற்றுத் தணித்து வாசிக்கச் சொல்வோம். மனிதரிடம் காட்டும் இந்த நிதானத்தை நாம் கணிப்பொறியிடம் காட்டுவதில்லை. பாடம் கேட்கும்போது வாட்ஸ்அப் மணி நாலு முறை அடித்தால் போதும். மொத்த ஒலியையும் அடைத்துவிடுகிறோம். மணியும் போகிறது, பாடமும் போகிறது!

இதற்கு மருந்து கணிப்பொறிக்குள்ளேயே இருக்கிறது. வால்யூம் மிக்சர் என்று பெயர். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் குறுந்தகடு, மைக் என ஒலி வரும் வழிகளுக்குத்தான் தனித்தனி அளவு வைக்க முடிந்தது. 2007-ல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் ஒவ்வொரு செயலிக்கும் தனி அளவு வந்தது. இன்று விண்டோஸ் 11-ல், திரையின் அடியிலுள்ள ஒலிபெருக்கிப் படத்தின்மீது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் மிக்சருக்கு வழி கிடைக்கும். ஒலி எழுப்பும் செயலிகள் அங்கே வரிசையாக நிற்கும். பொது ஒலியளவு தலைமதகு. செயலிகளின் அளவுகள் வாய்க்கால் மடைகள். ஒரு வயலில் நீர் மிகுந்தால் அதன் மடையை அடைக்க வேண்டுமே தவிர, தலைமதகை மூடி ஊர் வயலையெல்லாம் காயவிடலாமா?

இது வெறும் வசதிப் பேச்சன்று. எங்கள் கல்லூரியில் வரலாறு பயிலும் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் என்விடிஏ என்னும் இலவச மென்பொருளே அவருக்குக் கண். 2006-ல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும் பார்வையற்றவரே. விரிவுரையும் வாசிக்கும் குரலும் ஒரே அளவில் மோதினால் இரண்டுமே விளங்காது. விரிவுரையைப் பாதியாகத் தணித்தால் இரண்டும் தெளியும். வாசிக்கும் குரலை ஒரு காதுக்கும் மற்ற ஒலிகளை மறு காதுக்கும் பிரித்தனுப்பும் வசதியும் 2024-ல் அதில் சேர்ந்திருக்கிறது. ஆய்வகத்தில் பொது ஒலியை அடைத்துவிட்டு எழுந்து செல்வோர் எண்ணிப் பார்க்கட்டும்: அடுத்து அங்கே அமரும் நண்பருக்கு அது விளக்கணைந்த அறை.

இதையெல்லாமா கல்லூரி கற்பிக்க வேண்டும், தாமே தெரிந்துகொள்ளக் கூடாதா என்பர் சிலர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் கணிப்பொறியும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. என்னைப் போன்றோர் இங்கே எத்தனை பேர்! எங்களுக்குக் கல்லூரியை விட்டால் வேறு ஆசான் ஏது? முதலாண்டு மாணவர் ஆய்வகத்தில் நுழையும் முதல் நாளில் பத்தே நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும். பாடத்திட்டம் குலைந்துவிடாது.

கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அவர் வழிவந்த நாம் கேட்கவும் கேட்கவிடவும் கற்க வேண்டாமா? ஒன்று இரைந்தால் அனைத்தின் வாயையும் அடைப்பது ஒழுங்கன்று. இரைவதைத் தணிப்போம், மெலிந்ததை உயர்த்துவோம். இந்த நீதி கணிப்பொறிக்கு மட்டுந்தானா, நண்பர்களே?