தபால் திருட்டுக்குத் தனிச் சட்டம் வேண்டும்

தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர் போன்ற ஊர்களுக்கு நியமன ஆணையும் பாஸ்போர்ட்டும் ஏடிஎம் அட்டையும் இன்னும் தபாலில்தான் வருகின்றன. வழியில் ஒன்று தொலைந்தாலும் ஒரு குடும்பமே தவித்துப்போகும்.

1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் இதை உணர்ந்திருந்தது. தபாலைத் திருடும், மறைக்கும், அழிக்கும், தூக்கி எறியும் ஊழியருக்கு அதன் 52-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. கடமையை மீறிப் பிரித்தாலோ வேண்டுமென்றே தாமதப்படுத்தினாலோ 53-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை.

2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தில் இந்தக் குற்றப் பிரிவுகள் இல்லை. தபாலை இடைமறிக்க அரசுக்குள்ள அதிகாரம் மட்டும் 9-ஆம் பிரிவில் தொடர்கிறது. இது நியாயமல்ல.

பாரதிய நியாய சன்ஹிதா போதாதா என்று கேட்கலாம். பொது ஊழியரின் நம்பிக்கை மோசடிக்கு அதில் கடும் தண்டனை உண்டு, உண்மைதான். வெளியாள் திருடினால்? 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டில் முதன்முறை தண்டிக்கப்படுபவர், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. நேர்காணல் தேதி கடந்தபின் திரும்பி வரும் அழைப்புக் கடிதத்துக்கு எந்த நீதிமன்றம் விலை போடும்?

அமெரிக்காவில் தபால் திருட்டு தனிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை. இங்கும் நாடாளுமன்றம் அப்படியொரு பிரிவைக் கொண்டுவர வேண்டும், ஊழியருக்கும் வெளியாருக்கும் சேர்த்தே.